1533-க்குப் போன் போட்ட பிறகு: பெங்களூரு வார்டு புகார் சேவை எதில் கைகொடுக்கிறது, எதில் கைவிடுகிறது

தெருவிளக்கு, குப்பை, ரோடு, மோரி (தெருவோர வாய்க்கால்) என்றால் 1533. குடிநீர், பாதாளச் சாக்கடை என்றால் 1916. கரண்ட் என்றால் 1912. அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன் பக்கம் குடியிருக்கிற நம்மவர்கள் போனில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இந்த மூன்றும். மாநகராட்சி புகாரைப் போனில் சொல்ல விருப்பமில்லை என்றால் சஹாயா செயலி இருக்கிறது. அதில் படம் ஏற்றலாம், இடத்தைக் குறிக்கலாம், புகார் எண்ணும் உடனே கையில் வரும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே இலாகா, ஒரே வண்டி, ஒரு நாளில் வந்து முடிக்கக்கூடிய வேலைக்கு இது நல்ல சேவை. இரண்டு இலாகாக்கள் கை வைக்க வேண்டிய வேலை என்றால் அந்தப் புகார் எண் வெறும் ரசீதுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு கூட்டத்துக்குப் போனால்தான் காரியம் நகரும். ஏன் இப்படி என்பது தெரிந்தால் புகார் எழுதும் விதமே மாறிவிடும்.

முதலில் முகவரிக் குழப்பம். 2007-ல் உருவான பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 2 முதல் அதன் இடத்தில் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகளும், அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் வந்துவிட்டன. அல்சூரும் சிவாஜிநகரும் மத்திய மாநகராட்சியில் வருகின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரேசர் டவுன் வடக்கில் போய்விட்டது. பழைய வார்டுகள் 198, புதியவை 369. பழைய வார்டு எண்ணை மட்டும் எழுதினால் புகார் வேறு ஆபீசுக்குப் போய்ச் சுற்றும். மெயின், கிராஸ், எதிரே உள்ள கோயிலோ கடையோ, பக்கத்து வீட்டு மின்கட்டண ரசீதில் உள்ள ஆர்.ஆர். எண் (இணைப்பு எண்), இவற்றைச் சேர்த்து எழுதுங்கள். செயலி காட்டும் புள்ளியை அப்படியே நம்பிவிடாதீர்கள். நெருக்கமான சந்துகளில் ஜி.பி.எஸ். அடுத்த தெருவுக்குத் தாவும். பெரிதாக்கிப் பார்த்து, விரலால் சரியான இடத்துக்கு நகர்த்திய பிறகே அனுப்ப வேண்டும்.

இந்தச் சேவை நன்றாக வேலை செய்வது தெருவிளக்கில். அதிலும் புகார் எழுதத் தெரிய வேண்டும். ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் ஃபிட்டிங்கோ அதனுள் இருக்கும் டிரைவர் என்ற மின்சாதனமோ போயிருக்கும். ஏணி வண்டி வந்தால் அரை மணி நேர வேலை. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு விளக்குகள் இருண்டு கிடந்தால் கோளாறு கம்பத்தில் இல்லை, தெருமுனை ஸ்விட்ச் பாக்ஸில் இருக்கிறது. டைமர், கான்டாக்டர், ஃபியூஸ், இல்லாவிட்டால் கேபிள். பட்டப்பகலில் விளக்கு எரிந்தால் அதுவும் டைமரோ கான்டாக்டரோ ஒட்டிக்கொண்ட கோளாறு. 'லைட் எரியவில்லை' என்று மட்டும் எழுதினால் புது பல்பை எடுத்துக்கொண்டு ஆள் வருவார், ஒரு கம்பத்தில் மாட்டிப் பார்ப்பார், எரியாது, போய்விடுவார். 'இந்தக் கம்பம் முதல் அந்தக் கம்பம் வரை வரிசையாக எரியவில்லை' என்று கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண்களோடு குறிப்பிட்டால் பாக்ஸ் பார்க்கத் தெரிந்தவர் வருவார்.

இன்னொன்று. கம்பம் பெரும்பாலும் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுடையது, அதில் தொங்கும் தெருவிளக்கு மாநகராட்சியுடையது. கம்பம் சாய்ந்தால் 1912, விளக்கு போனால் 1533. கம்பத்தைத் தொட்டால் சுரீர் என்கிறதா, கம்பி அறுந்து தொங்குகிறதா, செயலியைத் திறந்து நேரம் போக்க வேண்டாம். உடனே 1912-க்கு அடித்து அந்த லைனை நிறுத்தச் சொல்லுங்கள், தெருவில் ஒருவரை நிறுத்தி யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் காடுகோடி அருகே நடைபாதையில் கிடந்த மின்கம்பியை மிதித்துத் தாயும் கைக்குழந்தையும் இறந்தார்கள். நடைபாதையில் கிடக்கிற எந்தக் கருப்பு ஒயரையும் கேபிள் டி.வி. ஒயர்தானே என்று தாண்டிப் போகக்கூடாது.

குப்பைக்கு இந்தச் சேவை பாதி மதிப்பெண் வாங்கும். தெருமுனையில் குவிந்து கிடக்கும் குப்பையைப் படமெடுத்துப் போட்டால் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். புகார் 'முடிந்தது' ஆகும். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே குவியல். அள்ளியது பொய்யில்லை, ஆனால் குவிந்ததற்கான காரணத்தை யாரும் தொடவில்லை. காரணம் பெரும்பாலும் டிப்பர் (வீடு வீடாகக் குப்பை வாங்கும் வண்டி) வரும் நேரத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆட்டோ டிப்பர் வந்து போய்விடும். அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்ட வீடு, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற வீடு, பி.ஜி. விடுதி, இவற்றின் குப்பைதான் கவரில் கட்டி முனைக்கு வருகிறது. சந்து குறுகலாக இருந்து டிப்பர் உள்ளேயே நுழையாத இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே 'குப்பை கிடக்கிறது' என்று எழுதாமல், 'இந்த கிராஸுக்கு டிப்பர் வருவதில்லை' என்று வராத தேதிகளை வரிசையாக எழுதுங்கள். ஒரு வாரம் குறித்து வைத்தால் போதும். கேட்க வேண்டியதும் துல்லியமாக இருக்கட்டும்: சந்துக்குள் தள்ளுவண்டி, அல்லது மாலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இன்னொரு முறை வண்டி.

நம் பக்கம் செய்ய வேண்டியதையும் சொல்லத்தான் வேண்டும். 2015 டிசம்பர் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பெங்களூரில் இரண்டு கூடை, ஒரு பை என்பதே முறை. பச்சைக் கூடையில் சமையலறை ஈரக் குப்பை, சிவப்புக் கூடையில் நாப்கின், டயப்பர், பேண்டேஜ், பையில் காகிதமும் பிளாஸ்டிக்கும். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டால், பிரிக்கிறவர் கையால் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது. வீடு இடித்த ஜல்லி, ஓடு, பழைய மெத்தை எதுவும் டிப்பரில் ஏறாது, அதற்குத் தனியாகச் சொல்லி வண்டி வாங்க வேண்டும். பௌரகார்மிகர்களிடம் (துப்புரவுப் பணியாளர்களிடம்) கோபப்படுவதில் ஒரு பயனும் இல்லை. விடியற்காலையில் வருகைப் பதிவு செய்துவிட்டு விளக்குமாறோடு வருகிற அந்த அம்மாவுக்கு டிப்பர் பாதையை மாற்றும் அதிகாரம் கிடையாது. அதை முடிவு செய்வது திடக்கழிவு மேலாண்மைக்கென்று உள்ள தனி நிறுவனமும் ஒப்பந்ததாரரும்.

2025 ஏப்ரல் முதல் குப்பைக்கென்று தனிக் கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்து வசூலாகிறது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், 601 முதல் 1000 வரை 50 ரூபாய், அளவு கூடக் கூட 400 ரூபாய் வரை. கட்டணம் வாங்குகிற சேவை ஆகிவிட்டபடியால், டிப்பர் வராத நாட்களைக் கணக்குக் காட்டிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். டிப்பர் ஆளுக்கு மாதாமாதம் தனியாகக் காசு கொடுக்கிற தெருக்கள் அந்த வழக்கத்தை நிறுத்திக்கொள்ளலாம். கொடுக்காத வீட்டின் வாசலில் வண்டி நிற்காமல் போவது அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாளும், செப்டம்பர் 8-க்கு முந்தைய நாட்களில் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா திருவிழாவும் தனிக் கணக்கு. கூட்டம் கலைந்த பிறகு 1533-க்குப் படம் அனுப்புவதைவிட, இரண்டு வாரம் முன்பே வார்டு ஆபீசில் கடிதம் கொடுப்பது நல்லது. எத்தனை டிரம், எந்த மூலையில், இரவு எத்தனை மணிக்கு வண்டி என்பதை அதில் எழுதுங்கள். கூழுக்கு மந்தாரை இலையோ எவர்சில்வர் டம்ளரோ போதும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கிண்ணம் மோரியில் விழுந்தால் அடுத்த மழையில் அதே தெருவில்தான் தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் உடம்புக்கு வரும். காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கி, ஒரு நாளைக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதலாகக் கொண்டுவரும் வசதி வந்தது. அவ்வளவு தூரம் சுத்தமாக வந்த தண்ணீர் கெடுவது வீட்டு வாசலுக்கு முந்தைய இருபது அடியில். கன்டோன்மென்ட் காலத்துப் பழைய தெருக்களில் வீட்டு இணைப்பின் இரும்புக் குழாய் மோரியைக் குறுக்கே கடந்துதான் உள்ளே வருகிறது. துருப்பிடித்து ஊசித் துளை விழுந்தாலும் தண்ணீர் வரும் நேரத்தில் உள்ளழுத்தம் இருப்பதால் வெளியேதான் கசியும். சப்ளை நின்றதும் குழாய் காலியாகும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், மோரித் தண்ணீரை அதே துளை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் வருவது அதுதான்.

ஆகவே நாற்றம் அடித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் மட்டும் நாறி, பிறகு தெளிந்தால் ஓட்டை உங்கள் வீட்டு இணைப்பிலோ பக்கத்திலோ இருக்கும். விட்டதிலிருந்து நிற்கும் வரை நாறினால் தெருவின் பிரதான குழாயில் கோளாறு. பக்கத்தில் நான்கு வீட்டில் விசாரித்து, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை நாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1916-க்கு அடிக்கும்போது தண்ணீர் ரசீதில் உள்ள ஆர்.ஆர். எண்ணும், 'முதல் பத்து நிமிடம்' அல்லது 'முழு நேரமும்' என்ற ஒரு வார்த்தையும், அந்த வீட்டு வரிசையும் சொன்னால் எங்கே தோண்டுவது என்பது பாதி முடிவாகிவிடும். குளோரின் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. மிகப் பலர் தவறவிடுவது ஒன்று: புகார் சொல்வதற்கு முன்பே சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வால்வை மூட வேண்டும். கெட்ட தண்ணீர் ஒரு தடவை சம்ப்புக்குள் போய்விட்டால் தெருக் குழாய் சரியான பிறகும் வீட்டில் நாற்றம் நிற்காது. அதைக் காலிசெய்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது மோரிக்கும் பாதாளச் சாக்கடைக்கும் உள்ள வித்தியாசம். புகார் தவறான ஆபீசுக்குப் போவது அதிகமும் இங்கேதான். தெரு ஓரமாகச் செவ்வகச் சிமெண்ட் பலகை மூடிய வாய்க்கால் மழைநீருக்கானது, மாநகராட்சியின் பொறுப்பு. தெரு நடுவில் வட்ட மூடி போட்ட மேன்ஹோல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழையே இல்லாத நாளில் வட்ட மூடியிலிருந்து பொங்கினால் கீழ்ப்பக்கம் அடைத்திருக்கிறது. பொங்குகிற மேன்ஹோலும், சரிவில் அடுத்ததாகப் பொங்காமல் இருக்கிற மேன்ஹோலும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் அடைப்பு. இரண்டும் எந்தெந்த வீட்டு வாசலில் இருக்கின்றன என்று சொன்னால் அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் வண்டி நேராக அங்கே வந்து நிற்கும். மூடியை நாமே திறக்கக் கூடாது, விஷ வாயு இருக்கும். வந்தவர்கள் ஆளை உள்ளே இறக்கப் பார்த்தால் தடுத்து நிறுத்தி மெஷினைக் கேளுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013 சட்டம் தடுக்கிறது. தெரு நாறினாலும் பரவாயில்லை, வண்டி வரும் வரை பொறுத்திருக்கலாம்.

மழை நாளில் மட்டும் பொங்கினால் கதை வேறு. மொட்டை மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விட்டிருக்கிற வீடுகள் தெருவில் இருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் குழாய் கழிவுக்கென்று போட்டது, மழைத் தண்ணீரைத் தாங்காது. இதற்கு எந்தப் புகார் எண்ணும் பயன்படாது. மாடிக் குழாயை ஓர வாய்க்காலுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்புவது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

ரோடு வெட்டும் விஷயத்தில் இந்தச் சேவைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்தான் கொடுக்க முடியும். குழாய் போட ஒருவர் வெட்டுவார், மூட வேண்டியவர் இன்னொருவர், மேலே தார் போட வேண்டியவர் மூன்றாமவர். பள்ளத்தில் மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலே ஜல்லி பரப்பினால் முதல் மழையிலேயே உள்வாங்கும். அதை 'குழி' என்று புகார் செய்தால் ஒரு கூடைத் தார்க்கலவை வந்து விழும். ஓரத்தைச் சதுரமாக வெட்டாமல், தூசி ஊதாமல், ஒட்டுத் தார் பூசாமல், ஈரத்திலேயே கொட்டிய கலவை பஸ் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும். மறுபடி புகார், மறுபடி கூடை.

இதற்கு ஒரே வழி, பள்ளம் திறந்திருக்கும்போதே படம் எடுப்பதுதான். கீழே கிடப்பது தண்ணீர்க் குழாயா, பாதாளச் சாக்கடைக் குழாயா, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களாகக் கட்டுக் கட்டாய்ப் போகும் இன்டர்நெட் கேபிளான ஓ.எஃப்.சி.யா என்று அப்போதுதான் தெரியும். பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்து எடுத்தால் ஆழம் புரியும், கடைப் பலகை தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று எடுத்தால் இடம் புரியும். ரோடு வெட்ட அனுமதி வாங்குவதற்குப் பல இலாகாக்களை இணைத்த ஆன்லைன் முறை இருக்கிறது, ஆகவே அங்கிருக்கும் மேற்பார்வையாளரிடம் அனுமதி நகலைக் காட்டச் சொல்வது நியாயமான கேள்வி. மூடிய பிறகு யார் வெட்டினார்கள் என்று கேட்டால் எல்லா இலாகாவும் அடுத்தவரைக் கைகாட்டும்.

மரக்கிளை சமாச்சாரமும் இதே ஜாதிதான். கம்பியில் உரசும் கிளையை மின் ஊழியர்கள் வெட்டுவார்கள், வெட்டியது நடைபாதையிலேயே காயும். வெட்டுகிற அன்றே 1533-ல் அகற்றுவதற்கும் ஒரு புகார் போட்டுவிடுங்கள்.

இப்போது வார்டு கூட்டம். 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொன்ன வார்டு கமிட்டிகள் பெங்களூரில் உருப்படியாகக் கூடத் தொடங்க 2018 இறுதி ஆனது. மாதத்தின் முதல் சனிக்கிழமை என்ற பழக்கம் அப்போது வந்தது. 2015-ல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் கார்ப்பரேட்டர் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். கூட்டம் எந்தத் தேதி, எந்த இடம் என்பதை வார்டு ஆபீசில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை அந்தத் தகவல் தெருவுக்கு வந்து சேராததுதான். மிகப் பெரிய பலமும் இந்தக் கூட்டமே. மாநகராட்சி இன்ஜினியரும், குடிநீர் வாரியத்து ஆளும், பெஸ்காம் ஆளும் ஒரே அறையில் உட்கார வேண்டிய இடம் இது ஒன்றுதான். 'அது அவர்கள் வேலை' என்று ஒருவர் சொன்னால் அந்த 'அவர்கள்' எதிர் நாற்காலியில் இருப்பார்கள்.

போகும்போது ஒரே பக்கத்தில் ஒரு கடிதம், இரண்டு நகல். ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மூன்று பிரச்சினைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் பழைய புகார் எண், தேதி, வேலை நடக்காமலே 'முடிந்தது' என்று வந்திருந்தால் அந்தத் தேதி, அதற்குப் பிறகு எடுத்த படம். கடிதம் கன்னடத்தில் இருக்கட்டும். இன்ஜினியரிடமிருந்து ஒப்பந்ததாரருக்கும், அவரிடமிருந்து மேஸ்திரிக்கும் போகிற காகிதம் அது. சரண்டி என்றால் வாய்க்கால், ஒளசரண்டி என்றால் பாதாளச் சாக்கடை, பீதி தீபா என்றால் தெருவிளக்கு, கசா என்றால் குப்பை. பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளே பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஐம்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒருவர் போவதைவிட, ஒரே கிராஸிலிருந்து ஐந்து பேர் நேரில் போவது மேல். கூட்டம் முடிவதற்குள் இரண்டு இலாகாவும் சேர்ந்து தெருவைப் பார்வையிடும் தேதி ஒன்றைக் கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். குறிப்பில் ஏறாத வாக்குறுதி அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது.

அதற்கும் அசையவில்லை என்றால் மாநில அரசின் புகார் எண் 1902 இருக்கிறது. அதைவிடக் கூர்மையானது தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொல்லுக்குள். 'ஏன் ரோடு போடவில்லை' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் காரணம் கேட்பது ஆவணம் கேட்பது ஆகாது. இந்த கிராஸில் கடந்த மூன்று ஆண்டில் நடந்த வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் வேலைக் குறியீடு, பணி ஆணை, பில், எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் அந்தந்தப் பக்கம், இவற்றின் நகலைக் கேளுங்கள். எம்.புக்கில் நீளம், அகலம், கனம் மூன்றும் எழுதியிருக்கும். நகல் கைக்கு வந்ததும் தெருவில் இரண்டு பேர் டேப் பிடித்து நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அந்த எண்களை அடுத்த கூட்டத்துக்கான கடிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம்.